நெடுந்தீவு மாணவரும் மாவட்டக் கணக்கும்

பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்ததும் பாடசாலைகளை வரிசைப்படுத்திப் பார்ப்பது எம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. அவ்வரிசையின் அடியில் சிறிய தீவுப் பாடசாலை ஒன்றின் பெயரைக் கண்டால், அங்குள்ள பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று தீர்ப்புக் கூறிவிடுவோரும் உளர். சான்றை ஆராயாது வழங்கும் தீர்ப்பு நீதியாகாது. நெடுந்தீவு மகா வித்தியாலயம் போன்ற பாடசாலைகளை அளக்கும் கோலே பிழையானது என்பது எமது முடிபு.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நெடுந்தீவில் வாழ்ந்தோர் 4,000 பேருக்கும் குறைவு. யாழ்ப்பாண மாவட்டத்திலோ 5,80,000 பேருக்கு மேல். பத்துப் பேர் பரீட்சை எழுதும் வகுப்பில் ஒரு பிள்ளை தவறினால் சித்தி 10 வீதத்தால் வீழ்கிறது. இருநூறு பேர் எழுதும் பட்டினக் கல்லூரியில் அது அரை வீதம். இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் இடுவது எவ்வகை நியாயம்?

அன்றியும், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சையில் சிறந்து விளங்கும் பிள்ளை குடாநாட்டுக் கல்லூரிக்குச் செல்கிறது. வாடகை கொடுக்க வசதியுள்ள குடும்பமும் உடன் பெயர்கிறது. எஞ்சுவோர் கடற்றொழிலையும் கால்நடையையும் பனையையும் நம்பிய குடும்பங்களின் பிள்ளைகள். நாற்று மேடையிட்டு வளர்த்தவன் ஒருவன். நெல் குவிவது இன்னொருவன் களத்தில். பின்னர், நாற்று வளர்த்தவனையே விளைச்சல் எங்கே என்று கேட்கிறோம்!

குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். சோழகக் காற்றுச் சீறினால் அதுவும் நிச்சயமில்லை. தங்குவதற்கு நல்ல விடுதி இல்லையெனில், கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் கற்பிக்கும் ஆசிரியர் இடமாற்றக் கடிதத்தை எதிர்பார்த்தே நாளைக் கழிப்பார். இதில் ஆசிரியரை மட்டும் நோவது தகாது.

சட்டம் கூறுவதையும் நோக்குவோம். கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. ஆகவே நெடுந்தீவுப் பிள்ளை யாழ்ப்பாண இந்துக் கல்லூரியோடும் வேம்படி மகளிரோடும் ஒரே மாவட்டக் கணக்கிற் போட்டியிடவேண்டும். விஞ்ஞான ஆசிரியர் இன்றிக் கலைத்துறையை நாடினாலோ, மாவட்டப் பங்கும் கிட்டாது. போட்டி நாடு முழுவதோடும் ஆகிறது.

தரப்படுத்தலை எதிர்த்த தமிழர் இன்று சலுகை கேட்கலாமா என்று சிலர் வினவுவர். 1971இல் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மாணவன் 250 புள்ளிகள் பெறவேண்டியிருக்க, சிங்களமொழி மாணவனுக்கு 227 போதுமாயிற்று. அன்று அளவுகோல் மாணவனின் மொழி. நாம் இன்று வேண்டும் அளவுகோல் ஆசிரியர் இல்லாத வகுப்பறையும் இடையிற் கிடக்கும் கடலும். இம்மண்ணில் எம்மொழி பேசுவோர்க்கும் அது பொருந்தும். அநீதியை எதிர்த்தவர்கள், தம் மாவட்டத்தின் உள்ளேயே வளரும் அநீதியைக் கண்டும் வாளாவிருப்பது முறையோ?

அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை எல்லா மட்டங்களிலும் கல்விக்குச் சமவாய்ப்பை உறுதி செய்யுமாறு அரசுக்கு நெறி காட்டுகிறது. 29ஆம் உறுப்புரையோ அந்நெறியை எந்நீதிமன்றிலும் வலியுறுத்த முடியாது என்கிறது. நீதிமன்றின் கதவு அடைபட்ட இடத்தில் மக்கள் மன்றமே வழி.

எமது கோரிக்கைகள் மூன்று. பல்கலைக்கழக அனுமதியில் கடல் சூழ்ந்த தீவுகள் தனிப் பிரிவாகக் கணிக்கப்படல் வேண்டும். பதில் ஆசிரியர் வந்து பொறுப்பேற்கும்வரை எந்த ஆசிரியரும் விடுவிக்கப்படலாகாது. அவர்க்குக் குடும்பத்தோடு தங்கத்தக்க விடுதி அமைதல் வேண்டும். பெறுபேறுகளை வெளியிடுகையில் வீதத்தோடு, முதலாம் ஆண்டிற் சேர்ந்தோர் எத்தனை பேர், இடையில் வெளியேறினோர் எத்தனை பேர் என்பதும் கூறப்படல் வேண்டும்.

பிறநாடுகளில் வாழும் நெடுந்தீவு மக்கள் கட்டடம் எழுப்பலாம், கணினி வழங்கலாம். சட்டத்தை மாற்றுவது அவர்களாலாகாது. அது எம் பிரதிநிதிகளின் கடமை. அதனை நினைவூட்டுவது வாக்காளர் கடமை.