கட்டி முடிக்காத நகரத்தைக் காட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆடம் படோவ்ஸ்கி அவர்களுக்கு,



2021 மார்ச் 30 அன்று உங்கள் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் ஒரு காணொளியில் தன் புதிய வழிமுறையை அறிவித்தது. 'சைபர்பங்க் 2077' வெளியாகி அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை. சோனி தன் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து அந்த கேமை நீக்கி வைத்திருந்த நேரம் அது. இனி விளம்பரக் காலத்தைக் குறைத்துக்கொள்வோம். ட்ரெய்லரோ டெமோவோ விளையாடும் முறை பற்றிய விளக்கமோ எதுவாக இருந்தாலும் வெளியீடு நெருங்கிய பிறகுதான் காட்டுவோம் என்று அன்று உங்கள் தரப்பு சொன்னது. தவறு எங்கே தொடங்கியது என்பதைச் சரியாகக் கண்டுகொண்டவர்களின் பேச்சாக அது எனக்குப் பட்டது. நம்பினேன்.

2024 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த கேம் விருது விழாவில் 'தி விட்சர் 4' ட்ரெய்லர் வந்தது. அடுத்த மார்ச்சில், 2026 முடிவதற்குள் இது வெளிவராது என்று முதலீட்டாளர்களிடம் தெரிவித்தீர்கள். ஆக, ட்ரெய்லருக்கும் வெளியீட்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு ஆண்டு. சைபர்பங்க் கணக்கையும் பாருங்கள்: 2018 ஜூன் மாத இ3 கண்காட்சியில் பெரிய ட்ரெய்லர், 2020 டிசம்பர் 10இல் வெளியீடு. இரண்டரை ஆண்டு. அந்த இடைவெளியில்தான் எல்லாம் கெட்டது. இன்று நிறுவனத்தின் இணைத் தலைமை நிர்வாகி நீங்கள், சைபர்பங்க்கை இயக்கியவரும் நீங்கள். அதனால் இதை விளம்பரப் பிரிவுக்கு எழுதாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

உங்கள் ஸ்டுடியோவின் வேலையை நேசிக்கும் ஒருவனின் கடிதம் இது. 'விட்சர் 3'இல் வெலன் சதுப்பு நிலத்தில் வரும் அந்தக் குடிகாரப் பிரபுவின் கதையை நான் மறக்கவில்லை. மனைவியை அடித்தவன், மகளை இழந்தவன், செய்ததற்காக அழுகிறவன்; அவனை மன்னிப்பதா வெறுப்பதா என்ற முடிவை எங்கள் கையில் விட்டீர்கள். வேறெந்த ஓப்பன் வேர்ல்ட் கேமும் ஒரு குடும்பத்தின் துயரத்தை அவ்வளவு பொறுப்போடு கையாண்டு நான் கண்டதில்லை. அப்படி எழுதத் தெரிந்தவர்கள், இன்னும் எழுதாததை எதற்காக விற்க வேண்டும்?

2018 ஆகஸ்டில் நீங்கள் வெளியிட்ட சைபர்பங்க்கின் 48 நிமிட டெமோவுக்கு வருகிறேன். நைட் சிட்டியின் தெருவில் கூட்டம் நெரிகிறது. இரவு பகல் முழுவதும் இவர்கள் தங்கள் வாழ்க்கையை வாழ்கிறார்கள், இதுவரை வந்த ஓப்பன் வேர்ல்ட் கேம்களிலேயே நம்பத்தகுந்த நகரம் இதுதான் என்ற பொருளில் பின்னணிக் குரல் பேசுகிறது. நாயகி கைக்கத்தியைச் சுவரில் குத்தித் தொங்குகிறாள். கொள்ளைக் கும்பலிடமிருந்து ஒரு ரோபோவை வாங்கப் போகும் காட்சியில் பேசியும் ஏமாற்றியும் சுட்டும் எத்தனையோ வழிகளில் அதை முடிக்கலாம் என்று காட்டப்படுகிறது. அதே ஆண்டு ட்ரெய்லரில் மெட்ரோ ரயிலும் ஓடியது.

வெளிவந்த கேமில் மெட்ரோவில் ஏற முடியவில்லை. சுவரில் தொங்கும் திறன் இல்லை. தெருவில் போனவர்களுக்கு வீடும் இல்லை, வேலையும் இல்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் காணாமல் போனார்கள். ஒரு குற்றம் செய்தால் காவலர்கள் எங்கிருந்தும் ஓடி வரவில்லை, முதுகுக்குப் பின்னால் சட்டென்று முளைத்தார்கள். அந்த ரோபோ காட்சி மட்டும் காட்டிய செழிப்போடு அப்படியே இருந்தது. ஆனால் அவ்வளவு கிளைகள் விரியும் காட்சியை மற்ற இடங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எங்கள் பழமொழி. டெமோ பார்க்கிற எவரும் அந்த நம்பிக்கையில்தான் பார்க்கிறார். ஓப்பன் வேர்ல்ட் கேமின் டெமோவிலோ அந்த ஒரு சோறு தனி அடுப்பில் வெந்தது. ஒரு தெரு, ஒரு நேரம், ஒரு பாதை என்று முன்பே தீர்மானித்துக் கட்டுகிறார்கள். கேமரா திரும்பாத பக்கத்தில் எதுவும் இருக்கத் தேவையில்லை. வாங்கியவர் கையில் வரும்போது அவர் எந்தப் பக்கம் திரும்புவார், எந்த வேகத்தில் வண்டி ஓட்டுவார் என்று யாருக்கும் தெரியாது. அவர் போகும் திசையில் உள்ள தெருவை, ஆட்களை, ஒலியை வட்டிலிருந்து நொடிக்கு நொடி எடுத்துத் தந்துகொண்டே இருக்க வேண்டும். பழைய கன்சோல்களின் வட்டு வேகத்துக்கு அடர்த்தியான அந்த நகரம் ஈடுகொடுக்கவில்லை என்பதை 2021 ஜனவரியில் உங்கள் நிறுவனத்தின் இணை நிறுவனர் மார்சின் இவின்ஸ்கியே காணொளியில் விளக்கினார். ஒரு தெருவில் இருபது பேருக்கு உயிர் கொடுப்பது ஒரு வேலை. நகரம் முழுக்க, எந்த நேரத்திலும், எந்த மூலையிலும் கொடுப்பது முற்றிலும் வேறு வேலை. கதைத் தேர்வுகளுக்கும் இதே நிலைதான். ஒரு காட்சியில் ஐந்து வழி வைக்கலாம். ஐந்தும் அடுத்த காட்சியில் நினைவில் இருக்க வேண்டுமென்றால் எழுதுவதும் நடிப்பதும் சோதிப்பதும் பல மடங்காகப் பெருகும்.

இது உங்களுக்குப் புதிய பாடமும் அல்ல. 2013இல் 'விட்சர் 3'க்காகக் காட்டிய ஒளியும் புகையும் 2015இல் கைக்கு வந்தபோது குறைந்திருந்தன. தனியாக ஓடிய காட்சி முழு உலகத்துக்குள் வைத்தபோது ஓடவில்லை என்று அப்போதே உங்கள் தரப்பு விளக்கம் தந்தது. இந்தத் துறையில் இது பழைய நோயும்கூட. 'ஃபேபிள்' கேமை உருவாக்கிய பீட்டர் மோலினோ, தான் அதைப் பற்றிச் சொல்லிய பலதும் கேமில் இல்லாததற்காக 2004இலேயே பொதுவில் மன்னிப்புக் கேட்டார்.

2018 டெமோ பெரும்பாலும் போலி என்று ப்ளூம்பெர்க் எழுதியபோது நீங்கள் பதில் சொன்னீர்கள். வெளியீட்டுக்கு இரண்டு ஆண்டு முன்பு காட்டும் எந்த டெமோவும் கனவை உரசிப் பார்க்கும் துண்டாகத்தான் இருக்க முடியும், அதனால் அது போலி ஆகிவிடாது, பணி நடந்துகொண்டிருக்கிறது என்ற குறிப்பு திரையிலேயே இருந்தது என்பது உங்கள் வாதம். நீங்கள் ஏமாற்ற நினைத்ததாக நானும் கருதவில்லை. ஆனால் அந்தக் குறிப்பு ஒரு மூலையில் இருந்தது. நகரம் இப்படித்தான் இயங்குகிறது என்ற குரல் 48 நிமிடமும் காதில் ஒலித்தது. மக்கள் குரலைத்தான் நம்புவார்கள். சுவரில் தொங்கும் திறனை எடுத்துவிட்ட செய்தி 2020இல் ஒரு வடிவமைப்பாளரின் பேட்டிக்கு நடுவே வந்தது. சேர்த்ததை மேடையில் சொல்கிறவர்கள் நீக்கியதையும் அதே மேடையில் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

கன்சோல் விஷயத்தை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. இந்தியாவில் பிளேஸ்டேஷன் 5 விற்பனைக்கு வந்தது 2021 பிப்ரவரி 2 அன்று. ஆகவே டிசம்பரில் சைபர்பங்க்கை வாங்கிய இந்திய பிளேஸ்டேஷன்காரர்கள் அநேகமாக எல்லாருமே அதை பிஎஸ் 4இல்தான் போட்டார்கள். வெளியீட்டுக்கு முந்தைய மாதம் முதலீட்டாளர் கூட்டத்தில், பழைய கன்சோல்களில் ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக ஓடுகிறது என்று உங்கள் நிறுவனத்தின் அன்றைய தலைவர் சொல்லியிருந்தார். விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கிடைத்ததோ கணினிப் பதிப்பு மட்டும். அதிலும் அவர்கள் தாங்களே பதிவு செய்த காட்சியைக் காட்ட அனுமதி இல்லை, நீங்கள் தந்த காட்சியைத்தான் பயன்படுத்த வேண்டும். முன்பதிவு செய்தவர்கள் 80 லட்சம் பேர். பிஎஸ் 4இல் வாங்கவிருந்தவர் தன் கேம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வெளியீட்டு நாள்வரை எந்த வழியும் விடப்படவில்லை. கூடுதல் அவகாசம் வேண்டும் என்ற எச்சரிக்கைகளை நிர்வாகம் பொருட்படுத்தவில்லை என்று பிறகு அதே தலைவரே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை இரண்டு வாரம் முன்பு வந்திருக்க வேண்டும்.

வெளியில் இருக்கும் நாங்கள் பணத்தையும் நேரத்தையும்தான் இழக்கிறோம். மேடையில் கொடுத்த வாக்கின் முழுப் பாரம் உங்கள் மேசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் மேல் இறங்குகிறது. அந்த டெமோவுக்குப் போன மாதங்கள் கேமுக்குப் போயிருக்க வேண்டியவை என்று அங்கே வேலை செய்தவர்களே பத்திரிகையாளரிடம் வருந்தினார்கள். கட்டாய மிகைநேர வேலை இருக்காது என்று 2019இல் உறுதி சொன்னீர்கள். 2020 செப்டம்பரில் வாரம் ஆறு நாள் வேலை என்று நீங்களே மின்னஞ்சல் அனுப்ப வேண்டி வந்தது. வரும் கண்டனம் முழுவதையும் நானே ஏற்கிறேன் என்று அதில் எழுதினீர்கள். அந்த வரியை நான் மதிக்கிறேன். ஆனால் சனிக்கிழமைகளைக் கொடுத்தது அவர்கள்.

பிறகு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 2023 செப்டம்பரில் வந்த 2.0 பேட்ச் காவல்துறையையும் திறன் முறையையும் புதிதாகக் கட்டியது. அந்த மாதமே வந்த 'ஃபேன்டம் லிபர்ட்டி' விரிவாக்கம் உங்கள் எழுத்தின் உச்சங்களில் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் 2.1 பேட்ச்சில் மெட்ரோவும் ஓடத் தொடங்கியது. கேமின் விற்பனை மூன்று கோடியைத் தாண்டியிருக்கிறது. இதை உலகமே ஒரு மீட்சிக் கதையாகக் கொண்டாடுகிறது, அதில் உழைத்தவர்களுக்கு அந்தப் புகழ் உரியதுதான். எனக்கு இருக்கும் அச்சம் வேறு. முதலில் விற்றுவிடலாம், மூன்று ஆண்டில் சரிசெய்தால் போதும், கைதட்டலும் கிடைக்கும் என்று மற்ற நிறுவனங்கள் இதிலிருந்து கற்றுக்கொள்கின்றன. மூன்று ஆண்டு சரிசெய்வதற்கு உங்களிடம் பணம் இருந்தது. சிறிய ஸ்டுடியோ ஒன்றுக்கு அது இருக்காது; அங்கே மெட்ரோ ஓடாமலே போய்விடும்.

2025 ஜூனில் ஆர்லாண்டோவில் நீங்கள் காட்டிய 'விட்சர் 4' டெமோவின் வால்ட்ரெஸ்ட் துறைமுகத்தைப் பார்த்தேன். நாயகி சிரி குதிரையில் வருகிறாள், சந்தையில் நூற்றுக்கணக்கானோர் ஆளுக்கொரு அசைவோடு திரிகிறார்கள். சாதாரண பிஎஸ் 5இல் ஓட்டிக் காட்டினீர்கள், இது தொழில்நுட்ப டெமோதான், கேமின் காட்சி இல்லை என்றும் தெளிவாகச் சொன்னீர்கள். 2018ஐ விட இது நேர்மையானது. ஆனாலும் அந்தச் சந்தை இப்போதே மக்கள் மனத்தில் குடியேறிவிட்டது. இனி அதைத்தான் கேட்பார்கள். வெளிவரும் கேமில் அந்தச் சந்தையில் நிற்க முடியுமா? அங்கே மீன் விற்பவள் இரவில் எங்கே போவாள்? கூட்டம் பாதியாகக் குறையும் என்றால் அது தெரிந்த அன்றைக்கே அறிவிப்பீர்களா?

என் வேண்டுகோள் கடினமானதல்ல. அடுத்த முறை காட்டும்போது, விற்கப்போகும் கன்சோல்களிலேயே எளியது எதுவோ அதில், முழு உலகமும் ஏற்றப்பட்ட பதிப்பிலிருந்து காட்டுங்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்பதை உங்கள் ஊழியர் அல்லாத ஒருவர் தீர்மானிக்கட்டும். எல்லா கன்சோல்களுக்குமான பதிப்பும் விமர்சகர் கையில் சேர்ந்து, அவர்கள் தாங்களே எடுத்த காட்சியோடு எழுதிய பிறகு முன்பதிவைத் திறங்கள். திறமையானவர்களை வேலைக்கு எடுக்கவும் பங்குச்சந்தைக்குத் தெம்பு கொடுக்கவும் முன்கூட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. வேலைக்கு வருகிறவருக்கு மூடிய அறையில் காட்டலாம். முதலீட்டாளருக்குக் கணக்கு போதும்.

பாஸ்டனில் உள்ள உங்கள் ஸ்டுடியோவை மையமாகக் கொண்டு சைபர்பங்க்கின் அடுத்த பாகம் உருவாகிறது, முன்தயாரிப்பு நிலையில் இருக்கிறது என்று 2025 மே மாதம் அறிவித்தீர்கள். அதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. 2021 மார்ச்சில் சொன்னதை அந்த கேமிலாவது கடைப்பிடியுங்கள். அதில் வரும் நகரத்தின் ஒரு தெருவைக்கூட இப்போது எங்களுக்குக் காட்ட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கேம்களை விரும்பும் ஒரு தமிழ் வாசகன்