புல்வெளி தரிசு அல்ல: நீலகிரியில் நடப்போர், படமெடுப்போர் கோரிக்கைச் சாசனம்

தமிழக வனத்துறை, சுற்றுலாத் துறை, மின்வாரியம், நீலகிரி மாவட்ட நிர்வாகம் ஆகியவற்றின் கவனத்திற்கு:

விடுமுறை கிடைத்தால் மலையில் நடப்பவர்கள் நாங்கள். எங்களில் பள்ளி ஆசிரியர் உண்டு, தேயிலைத் தொழிற்சாலை ஊழியர் உண்டு, கல்யாணப் படமெடுத்துப் பிழைப்பவரும் உண்டு. ஜனவரி விடியலில் உறைபனி படிந்த புல்லைப் படமெடுக்க, விரல் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருப்போம். சலுகை கேட்டு இதை எழுதவில்லை. இதில் உள்ளவற்றில் பாதி எங்களுக்கே கடிவாளம்.

முதல் கோரிக்கை புல்லுக்காக. நீலகிரியின் புல்வெளியை வெற்றிடமாகப் பார்க்கும் பழக்கம் வெள்ளையர் காலத்தோடு போகவில்லை. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று சீகை, தைலமரம், பைன் எல்லாவற்றையும் அந்த 'வெற்றிடத்தில்'தான் நட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் நட்டார்கள். புல்மேட்டுச் சதுப்பில் ஒருமுறை மண்டியிட்டுப் படமெடுத்துப் பாருங்கள். மழை விட்டுப் பல நாள் ஆகியிருக்கும். ஆனாலும் முழங்கால் அழுந்திய இடத்தில் தண்ணீர் ஊறி நிற்கும். இப்படிக் கசியும் நீரில்தான் பவானியும் மாயாறும் பிழைக்கின்றன. இரண்டும் பவானிசாகரில் சேர்ந்து ஈரோட்டு வயல்களுக்குப் போகின்றன. ஆகவே, புல்வெளியில் மரம் நடும் விழா எந்தப் பெயரிலும் வேண்டாம், நடுவது நல்ல மனதுள்ள பள்ளிப் பிள்ளைகளாக இருந்தாலும். சீகையை வெட்டுவதோடு வேலை முடிவதில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டு கிடந்து, வெட்டிய இடத்திலேயே காடாக முளைக்கும். வெட்டிய இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் நாற்றைப் பிடுங்க ஆளும் பணமும் ஒதுக்குங்கள். நாட்டுப் புல்லுக்கு நாற்றங்கால் வையுங்கள்.

அடுத்து, பாதை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரை நாங்கள் மறக்கவில்லை. அதன்பின் விதிகள் வந்தன. 2024-இல் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளும் உள்ளூர் வழிகாட்டிகளோடு திறக்கப்பட்டன. நல்லது. ஆனால் அனுமதிச் சீட்டு மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது. அன்றைய தீ அபாயமும் மழை நிலவரமும் ஒவ்வொரு பாதையின் வாயிலிலும் தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும். அபாயம் என்றால் முன்பதிவு செய்தவர்களின் கட்டணத்தை மறுபேச்சின்றித் திருப்பித் தந்துவிட்டுப் பாதையை மூடுங்கள். நாங்கள் சண்டைக்கு வர மாட்டோம். இணையத்தில் பதிவு செய்யத் தெரியாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு நேரடிச் சீட்டும் குறைந்த கட்டணமும் தேவை. தன் ஊருக்கு மேலே உள்ள மலையைப் பார்க்காமலே வளரும் பிள்ளையிடம் பின்னாளில் காட்டைக் காப்பாற்றச் சொல்லி என்ன பயன்? வழிகாட்டியாக வரும் பழங்குடி இளைஞருக்கு ஆண்டு முழுவதும் சம்பளமும் காப்பீடும் வேண்டும்.

அடுத்து, ஏரிக்கரை. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று நாம் ஏரியாகக் கொண்டாடுபவை மின்சாரத்துக்காக அணை கட்டித் தேக்கிய நீர். நீர் ஒரு துறையிடம், கரைக்காடு இன்னொரு துறையிடம். எந்தக் கரையில் எதுவரை நிற்கலாம் என்பதை இரு துறையும் சேர்ந்து ஒரே பலகையில் எழுதுங்கள், போதும்.

இனி எங்கள் தரப்பு. கோடை நெரிசலுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து சீசனில் நீலகிரிக்குள் வரும் வண்டிகளுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என உச்சவரம்பும் வந்தது. ஆனால் மலையடிவாரத்தில் எண்ணிய எண்ணிக்கை புல்மேட்டில் செல்லுபடியாகாது. அதே ஏப்ரல், மே மாதங்களில்தான் நீலகிரி நெட்டைக்காலி என்னும் பறவை புல் தூரின் அடியில் தரையிலேயே கூடு வைக்கிறது. கேமரா முக்காலியின் ஒரு கால் போதும், முட்டை நொறுங்க. எனவே ஒவ்வொரு புல்மேட்டுக்கும் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு வையுங்கள். கூட்டைப் படமெடுப்பதையும், குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதையும், அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுவதையும் தண்டியுங்கள். எங்கள் ஆட்கள் என்று விட்டுவிட வேண்டாம். தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்குள் கேட்காமல் கேமராவைத் தூக்குவது, வரையாடு நிற்கும் பாறையின் இருப்பிடத்தைப் படத்தோடு பகிர்வது, இரண்டையும் நாங்களே இன்றுமுதல் நிறுத்துகிறோம்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் தடை செய்தது சரி. அதற்குப் பதிலாக வைத்த குடிநீர் எந்திரங்களில் தண்ணீர் வரட்டும். பாதை தொடங்கும் இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். இதைச் சாசனத்தில் எழுத வேண்டியிருப்பதே வெட்கம்.

இவற்றுக்குத் தேதி குறித்துப் பதில் கேட்கிறோம். 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சி மீண்டும் பூக்க வேண்டிய பன்னிரண்டாம் ஆண்டு 2030. அன்று ஊரே கேமராவோடு மலையேறும். விதிமுறையை அதற்கு முந்தைய வாரம் எழுத முடியாது.