நடுவீட்டு ஈரத்துக்கு யார் பொறுப்பு?

எங்க வீட்ல ஒரு கேஸ் நடந்துச்சு. குற்றவாளி நாலு மாச நாய்க்குட்டி, பேரு பொன்னி. குற்றம், நடுவீட்டுல ஒண்ணுக்குப் போனது. அதுவும் ஒரு தடவை இல்ல, ஒரு வாரத்துல பத்து பன்னெண்டு தடவை. நீதிபதி எங்க அப்பா. தீர்ப்பும் உடனே வந்துடுச்சு: "ஞாயித்துக்கிழம அத சாக்குல போட்டு எடுத்துனு போய் ஆத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வந்துடு." ஆறுன்னா சங்கராபரணி. எங்க ஊரு வில்லியனூர் பக்கத்துல ஒரு சின்ன கிராமம்.

சிரிக்காதீங்க. எங்க பக்கம் நாய்க்குட்டிங்க வீட்டை விட்டுப் போறது பெரும்பாலும் இப்படித்தான். கடிச்சதுக்காகத் துரத்துறது குறைவு. முதல் மாசம் "ஐயோ செல்லம்"னு தூக்கிக் கொஞ்சுவாங்க, ரெண்டாவது மாசம் பழக்குவாங்க, நாலாவது மாசம் அது மறுபடி உள்ள அசிங்கம் பண்ணா "இது தேறாது"ன்னு முடிவு பண்ணிடுவாங்க. எங்க தெருவுல எனக்குத் தெரிஞ்சே மூணு குட்டி இப்படிப் போயிருக்கு. மூணும் பொட்டைக்குட்டி, அது தனிக்கதை.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். ஒழுங்கா வெளிய போயிட்டு இருந்த குட்டி திடீர்னு உள்ள போக ஆரம்பிச்சா அதுக்குப் பேரு திமிர் இல்ல. அது மறந்தும் போகல. அதைச் சுத்தி ஏதோ மாறியிருக்கு, அது என்னன்னு நாம இன்னும் பாக்கல, அவ்வளவுதான். எங்க வீட்ல மாறினது என்னன்னு இந்தியா முழுக்க டிவியில பாத்துச்சு. அதுக்கு ஃபெஞ்சல்னு பேரு கூட வச்சாங்க.

பொன்னி வந்தது 2024 செப்டம்பர்ல. பக்கத்து வீட்டு வைக்கோல் போர் அடியில பொறந்த நாட்டு நாய்க்குட்டி. அப்பாதான் தூக்கிட்டு வந்தார். பேரு வச்சதும் அவர்தான், வெள்ளைப் பொன்னி நெல்லு ஞாபகமா. பழக்கினது ஆயா. எந்த வீடியோவும் பாக்காம ஆயா பண்ணதை வெள்ளைக்காரங்க பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்காங்கன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. குட்டி தூங்கி எழுந்தா தூக்கு. சோறு தின்னா தூக்கு. விளையாடி முடிச்சா தூக்கு. தோட்டத்துல இருக்கிற முருங்கை மரத்தடியில விடு, எப்பவும் அதே இடம். போன உடனே, அங்கயே, ஒரு துண்டு கருவாடு. வீட்டுக்குள்ள வந்து குடுத்தா குட்டி அதை உள்ள வந்ததுக்குக் கூலின்னு நெனச்சுக்கும், அதனால மரத்தடியிலயே குடுக்கணும். "எட்டி நின்னு பாரு, மோந்துகிட்டே சுத்துது பாரு, அப்ப வருதுன்னு அர்த்தம்"னு எனக்கும் பாடம் நடந்துச்சு.

இதுக்கு ஆதாரம் குட்டியோட இயல்புலயே இருக்கு. ஸ்காட், ஃபுல்லர்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் நாய்க்குட்டிங்களை வருஷக்கணக்குல கவனிச்சு 1965ல ஒரு புத்தகம் போட்டாங்க. மூணு வாரக் குட்டியே படுத்திருக்கிற இடத்தை விட்டுத் தள்ளிப் போய் மூத்திரம் போக ஆரம்பிச்சிடுது. எட்டு ஒன்பது வாரத்துல தனக்குன்னு ஒரு இடத்தையும் பிடிச்சுக்குது. ஆக சுத்தம்ங்கிறதை நாம புதுசா சொல்லித் தர வேண்டியதில்ல. எந்த இடம், காலுக்குக் கீழ என்ன இருக்கணும், மண்ணா புல்லா துணியா, இதைத்தான் குட்டி நம்ம கிட்ட இருந்து கத்துக்குது.

அக்டோபர் 31 தீபாவளி அன்னைக்கு வெடிச் சத்தத்துல பொன்னி கட்டிலுக்கு அடியில ரெண்டு தடவை போயிடுச்சு. "பாவம், பயந்துடுச்சு"ன்னு எல்லாரும் மன்னிச்சோம். மறுநாளே சரியாயிடுச்சு. நவம்பர் கடைசியில தெருவே பாராட்டுற அளவுக்கு சுத்தமான குட்டி.

நவம்பர் 30 ராத்திரி புயல் எங்க பக்கம் கரையைக் கடந்தது. புதுச்சேரியில ஒரே நாள்ல ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. தோட்டத்துல முட்டிக்கால் அளவு தண்ணி, கரண்ட் இல்ல, முருங்கை மரம் விழுந்து கிடந்துச்சு. குட்டியை எங்க கொண்டு போய் விடறது? ஈரக்கால் துடைக்கப் பின்வாசல்ல ஒரு கோணி போட்டிருந்தோம். பொன்னி அதுல போச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல, அப்ப எங்களுக்கே ஆயிரம் கவலை. டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையில இருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தண்ணி திறந்து, தென்பெண்ணை ஓரத்துல இருக்கிற பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள்ள வெள்ளம் புகுந்துச்சு. பாகூர் பக்கம் இருந்த எங்க அத்தை குடும்பம் துணிமூட்டையோட எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. அஞ்சு பேர் இருந்த வீட்ல பத்து பேர். தரை முழுக்கப் பாய், போர்வை, ஈரத்துணி. மூணு சின்னப் பசங்க குட்டிக்கு மாத்தி மாத்தி பிஸ்கட், பொறி, வர்க்கி, பால்னு ஊட்டுறாங்க.

இப்ப குட்டி பக்கம் இருந்து பாருங்க. முருங்கை மரமே இல்ல. அங்க இருந்த அதோட வாசனையை மழை கழுவிட்டுப் போயிடுச்சு. வாசனை மிச்சம் இருக்கிற ஒரே இடம் அந்தக் கோணி. கோணி மாதிரியே சொரசொரன்னு இருக்கிற பாய் வீடு பூரா கிடக்கு. வேளைக்கு வேளை சாப்பாடு போய் நேரம் காலம் இல்லாம வயித்துக்குள்ள ஏதோ விழுந்துகிட்டே இருக்கு. நாலு மாசக் குட்டியால பகல்ல அதிகபட்சம் நாலு அஞ்சு மணி நேரம் அடக்க முடியும்னு ஒரு தோராயக் கணக்கு சொல்வாங்க. பாலா ஊத்துனா அந்தக் கணக்கும் காலி. வெயில் வந்தப்ப நாங்க எல்லாத்தையும் பழையபடி ஆயிடுச்சுன்னு நெனச்சோம். குட்டிக்கு எதுவுமே பழையபடி ஆகல.

அப்புறம் நாங்க பண்ண தப்புங்க. பெரிய பட்டியல், ரெண்டு மூணை மட்டும் சொல்றேன்.

முதல் தப்பு, மூத்திரத்துல மூக்கைப் பிடிச்சுத் தேய்ச்சது. ஊர்ல எல்லாரும் பண்றதுதான். அரைமணி நேரத்துக்கு முன்னாடி போனதுக்கு இப்ப அடி விழுந்தா குட்டி ரெண்டையும் முடிச்சுப் போடாது. "மனுஷன் இருக்கும்போது போனா ஆபத்து"ன்னு மட்டும் புரிஞ்சுக்கும். விளைவு, வெளிய தூக்கிட்டுப் போனா எங்க முன்னாடி போகாது. உள்ள வந்து பீரோவுக்குப் பின்னாடி ரகசியமா போகும். இதைப் பாத்து அப்பா, "பாத்தியா, ஒளிஞ்சு பண்ணுது, அதுக்குத் தெரியும்"னார். அந்தக் குற்ற உணர்ச்சி முகத்தை நானும் பாத்தேன், காதை மடக்கிக்கிட்டு, வாலை இடுக்கிக்கிட்டு. ஆனா அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு ஒரு அம்மா 2009ல 14 நாய்ங்களை வச்சு இதைச் சோதிச்சு எழுதியிருக்காங்க. தின்னக் கூடாதுன்னு சொன்னதை நாய் தின்னுச்சா இல்லையாங்கிறதுக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தம் இல்ல. எஜமான் திட்டினா அந்த முகம் வருது, தப்பே பண்ணாத நாய்க்கும் வருது. அப்பா கிட்ட இதைச் சொன்னேன். "அமெரிக்கா நாய் வேற, நம்ம நாய் வேற"ன்னுட்டார்.

ரெண்டாவது தப்பு, அப்பா வண்டிச் சத்தம் கேட்டாலே பொன்னி தவழ்ந்து வந்து நாலு சொட்டு விடறதையும் அதே கணக்குல சேத்தது. அது ஒண்ணுக்குப் போறதே இல்ல. "நான் சின்னவ, அடிக்காத"ன்னு குட்டி சொல்ற பாஷை. அதுக்கும் அடிச்சா இன்னும் நாலு சொட்டு அதிகமா வரும். பாக்காத மாதிரி நேரா உள்ள போய், கொஞ்ச நேரம் கழிச்சுக் குனிஞ்சு கூப்பிட்டா தானா நிக்கும். (அப்பாவைக் குனிய வைக்கிறது குட்டியைப் பழக்கறதை விடக் கஷ்டம்.)

மூணாவது பினாயில். ஊத்தி ஊத்தி வீடே ஆஸ்பத்திரி மாதிரி நாறுச்சு. பினாயில் நெடி நம்ம மூக்கைத்தான் ஏமாத்தும். அடியில இருக்கிற மூத்திர வாடை நாய்க்கு அப்படியே தெரியும். பாதத்துல பட்டதை நக்கினா குட்டிக்கு ஆபத்தும் கூட. எங்களுது காவி போட்ட பழைய சிமெண்ட் தரை, உறிஞ்சிக்கும். பழைய துணியால முதல்ல ஒத்தி எடுத்துட்டு, என்சைம் சேத்த துணி சோப்புத் தூளைத் தண்ணியில கரைச்சு ஊத்தி, கொஞ்ச நேரம் ஊற விட்டு, நல்ல தண்ணியில கழுவினோம். அதுதான் வேலை செஞ்சுது.

"கட்டிப் போடு, சரியாயிடும்"னு தெருவுல நிறைய பேர் சொன்னாங்க. இதை மட்டும் நான் ஒத்துக்கவே மாட்டேன். நாள் பூரா சங்கிலியில கிடக்கிற குட்டி படுத்த இடத்துலயே போயாகணும். மூணு வாரத்துலயே அதுக்கு வர்ற அந்த இயல்பான சுத்தத்தை நாமளே உடைச்சுட்டு அப்புறம் அதையே திட்டுறோம்.

எல்லாத்துக்கும் முன்னாடி டாக்டர் கிட்ட காட்டியிருக்கணும். பொட்டைக்குட்டிக்கு மூத்திரத் தொற்று வந்தா அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா போகும், அது அடக்கவே முடியாதது. குரும்பாப்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டியில வச்சுத் தூக்கிட்டுப் போனேன். பொன்னிக்குத் தொற்று இல்ல. பூச்சி மருந்து குடுத்து, பாலை நிறுத்தச் சொன்னாங்க. ஒருவேளை தொற்று இருந்திருந்தா? ஒரு வாரமா நாங்க ஒரு நோயாளியை அடிச்சிருப்போம்.

இதெல்லாம் சேத்துச் சொல்லி நான் வீட்ல பெரிய வாதம் பண்ணேன். பொறுமை வேணும், மூணு வாரம் டைம் குடுங்க, அது இதுன்னு. அம்மா அது வரைக்கும் எதுவும் பேசல. குனிஞ்சு தரையைத் துடைச்சுட்டு இருந்தவங்க நிமிர்ந்து, "வக்கீலு, மொதல்ல துணியைப் புடி" அப்படின்னாங்க.

அந்த ஒரு வார்த்தைக்கு என்கிட்ட பதில் இல்ல. அந்தப் பத்து பன்னெண்டு தடவையில நான் துடைச்சது எத்தனை? சைபர். அப்பா துடைச்சது? அதுவும் சைபர். ஆயா ஈரத்துல வழுக்கி விழுந்துடுவாங்களோன்னு பயந்ததும் அம்மா, அத்தை முன்னாடி அவமானப்பட்டதும் அம்மா. "அதுக்கு என்ன தெரியும் பாவம்"னு பேசினது நான். நாய்க்குட்டிக்குப் பொறுமை காட்டச் சொல்ற நிறைய பேர் என்னை மாதிரிதான்னு நெனக்கிறேன், அவங்க பொறுமைக்கு வேற யாரோ துடைச்சுக்கிட்டு இருக்காங்க. அப்பாவோட கோபம் கூட எனக்கு அப்பதான் கொஞ்சம் புரிஞ்சுது. தீர்ப்புதான் தப்பு.

ஏன்னா ஆத்துக்கு அந்தாண்ட விட்டா என்ன ஆகும்னு யோசிங்க. சோறு தேடி மார்க்கெட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் வரும். பட்டினி கிடக்கிற நிலைமையில ஒரு பிராணியை விட்டுட்டு வர்றது 1960ஆம் வருஷ பிராணி வதைத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அந்தச் சட்டம் போட்ட அபராதம் 10ல இருந்து 50 ரூபாய், அதனால யாரும் பயப்படறதில்ல. 2025 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு மாதிரி இடங்கள்ல இருக்கிற தெரு நாய்களைப் பிடிச்சுக் காப்பகத்துல விடணும், திரும்ப அங்கயே விடக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. தெரு நாய் தொல்லைன்னு பேசும்போது அதுல எத்தனை ஒரு காலத்துல யாரோ வீட்டுப் பாய்ல மூத்திரம் போன குட்டிங்கன்னு யாராவது கேக்கறாங்களா?

மூணு வாரம் வாங்கினேன். காலையில அஞ்சரைக்கு நான், காலேஜ் போனதும் ஆயா, சாயங்காலம் மறுபடி நான், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடியும் நான். துடைக்கிறது எப்பவும் நான். பொன்னியை மறுபடி ரெண்டு மாசக் குட்டியா நெனச்சு ஆரம்பத்துல இருந்து வந்தோம். வேளைக்குச் சோறு, இடையில ஒண்ணும் கிடையாது. மூத்திரம் நனைச்ச துணி ஒண்ணை விழுந்த மரத்தோட அடிக்கட்டைக்குப் பக்கத்துல போட்டு வச்சேன், வாசனைக்கு. பாயெல்லாம் சுருட்டிப் பரண்ல. அந்தக் கோணியை வேலியில தூக்கிப் போட்டது, 2025 ஜனவரி 13 போகி அன்னைக்கு எரிச்சோம். நடுவுல ரெண்டு நாள் திரும்பவும் உள்ள போச்சு. ரெண்டுமே எனக்குப் பரீட்சை இருந்து நான் லேட்டா எழுந்த நாள்.

இப்ப மழை நாள்னா பொன்னி பின்வாசல்ல நின்னு மழையைப் பாக்கும், திரும்பி எங்களைப் பாக்கும். ரெண்டாவது தடவை முனகினதும் அப்பா குடையை எடுப்பார். "மோட்டார் கொட்டகை ஒழுகுதான்னு பாத்துட்டு வர்றேன்"னு சொல்லிட்டுத்தான் போவார்.