துப்பு புத்தகத்துக்குள் இருக்கட்டும்

கோடை விடுமுறையில் சிறுவர்களுக்குத் துப்பறியும் விளையாட்டு நடத்துவது வெளிநாட்டு நூலகங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. பிரிட்டனில் 1999 முதல் நடந்துவரும் கோடை வாசிப்புச் சவால், 2017இல் விலங்குகள் நடத்தும் துப்பறியும் நிறுவனத்தைக் கருவாக எடுத்துக்கொண்டது. பாத்திரங்களை வரைந்தவர் ஓவியர் டோனி ராஸ். நம் ஊர்ப் பொது நூலகங்களும் இதைச் செய்ய வேண்டும். ஆனால் தொப்பியும் பூதக்கண்ணாடியும் கொடுத்து, படம் எடுத்து அனுப்பிவிடுவதற்காக அல்ல. ஒரு விளையாட்டைக் கல்யாண மண்டபத்திலும் அப்படியே நடத்திவிட முடியுமென்றால் அது நூலக நிகழ்ச்சியே இல்லை. துப்பு புத்தகத்துக்குள் இருக்க வேண்டும்.

துப்பறிதலுக்கும் நூலகத்துக்கும் உள்ள உறவு மேலோட்டமானதல்ல. 1897இல் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகைப் பணியகம் தொடங்கியபோது, ரேகையைப் பதிப்பதைவிடக் கடினமாக இருந்தது, குவிந்துகிடக்கும் தாள்களில் வேண்டியதைத் தேடி எடுப்பதுதான். அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு காவல் துறையினரின் உழைப்பில் உருவான பகுப்பு முறை, ரேகைகளை 1,024 அறைகளாகப் பிரித்து அந்தச் சிக்கலைத் தீர்த்தது. (முறைக்கு நிலைத்த பெயரோ மேலதிகாரி ஹென்றியுடையது; இந்த அநீதியையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.) நூலக அலமாரி செய்வதும் இதே வேலைதான். தோட்டத்தில் கிடந்த இறகு ஒன்றைக் காட்டி, எந்தப் பறவையுடையது என்று கேளுங்கள். ட்யூயி பகுப்பில் பறவைகளுக்குரிய 598ஆம் எண்ணைத் தேடிப் போகும் சிறுமி, ஒரு நூலில் பார்த்ததை இன்னொன்றில் சரிபார்க்கிறாள். முதலில் சந்தேகப்பட்ட மைனாவை விடுவித்து, செண்பகத்திடம் வந்து சேர்கிறாள்.

பிள்ளைகளைக் குற்றக் கதைகளுக்குள் இழுத்துவிடுவதா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. கொலையும் ரத்தமும் வேண்டாம். அந்த இறகு போதும். முக்கியமானது, அந்தச் சிறுமி மைனாவை விடுவித்த கணம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்துகிறவர்கள் நடமாடுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றது. பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே அவர்மேல் சந்தேகம் விழக் காரணம். ஆதாரமில்லாமல் யாரையும் குற்றவாளி ஆக்காதே என்று பாடம் சொன்னால் பிள்ளை கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். தவறாகச் சந்தேகித்து, ஆதாரம் பார்த்துத் தானே திருத்திக்கொண்ட பிள்ளைக்கு அது பழக்கமாகத் தொடங்கும்.

ஆளும் பணமும் இல்லை என்பதுதான் வலுவான மறுப்பு. பல கிளை நூலகங்கள் ஒற்றை நூலகரை நம்பி ஓடுகின்றன. அவர் தலையில் புதிர் எழுதும் வேலையையும் கட்டுவது முறையல்ல. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர் பிரிவுகள் இருக்கின்றன. கிளைகளில் ஏற்கெனவே உள்ள நூல்களை வைத்தே அவை புதிர்த் தொகுப்புகள் தயாரித்து அனுப்பட்டும். கிளை நூலகர் தாளைக் கொடுத்து, அலமாரியைத் திறந்துவிட்டால் போதும். பிள்ளைகள் இடம் மாற்றி வைத்துவிடுவார்கள் என்று பயந்து புத்தகங்களைப் பூட்டி வைக்காதீர்கள். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிற மக்களின் புத்தகங்கள் அவை.