பாட்டியின் கண்ணும் என் தமிழும்

சென்ற ஆண்டு பாட்டியைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை. பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டில் இருந்தவன் நான்தான். பரிசோதனை முடிந்ததும் மருத்துவர் ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். கண்ணுக்குள் ‘பிரஷர்’ கூடியிருக்கிறது, ஒவ்வோர் இரவும் சொட்டு மருந்து விட வேண்டும், நிறுத்தக்கூடாது என்றார். நான் பாட்டியின் பக்கம் திரும்பி, “பிரஷர் கூடியிருக்காம் பாட்டி. மருந்து விடணுமாம்” என்றேன். அரை நிமிடத்தில் என் மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டது.

மூன்று மாதம் கழித்து மீண்டும் போனோம். அழுத்தம் குறையவே இல்லை. பக்கவாட்டுப் பார்வையும் சற்றுக் குறைந்திருந்தது. மருந்தை ஒழுங்காக விடுகிறாரா என்று மருத்துவர் கேட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால், மருந்துக் குப்பிகள் உறைகூடப் பிரிக்கப்படாமல் குளிர்பதனப் பெட்டியில் வரிசையாக நின்றன.

“பிரஷருக்குத்தான் தினமும் காலையில மாத்திரை போடுறேனே கண்ணு. அதுக்கு எதுக்குக் கண்ணுல வேற மருந்து விடணும்?” என்றார் பாட்டி.

பாட்டியின் கேள்வியில் தவறே இல்லை. நம் வீடுகளில் ‘பிரஷர்’ என்றால் இரத்த அழுத்தம்தான். அது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்லாக இருந்தாலும், நம் பேச்சில் அதற்கென்று ஒரே ஒரு பொருள் ஊன்றிவிட்டது. மருத்துவர் சொன்னது வேறு பிரஷர். நான் சொல்லை மட்டும் கடத்திவிட்டுப் பொருளை அந்த அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

பாட்டிக்கு வந்திருப்பது கிளாக்கோமா. தமிழில் அதைக் கண் நீர் அழுத்த நோய் என்பார்கள். கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் சுரந்து, ஓயாமல் வடிந்துகொண்டிருக்கிறது. வடியும் வழி சரியாக வேலை செய்யாவிட்டால் உள்ளே அழுத்தம் கூடி, பார்வை நரம்பு சிறிது சிறிதாகச் சேதமடைகிறது. பெரும்பாலும் வலி இருக்காது. பக்கவாட்டுப் பார்வை முதலில் குறைவதால் பலருக்கு அது தெரிவதும் இல்லை. இழந்த பார்வை திரும்ப வராது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. இதில் எந்த வரியும் பாட்டிக்குப் புரியாத வரி இல்லை. எனக்குத்தான் அன்று சொல்லத் தெரியவில்லை.

உயர்நிலைப் பள்ளியில் நான் உயர்தமிழ் எடுத்தவன். ‘முதுமை’ பற்றிக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒரு முதியவரின் கண்ணில் என்ன கோளாறு என்று அவரிடமே சொல்ல வேண்டிய நேரத்தில் என் தமிழ் கைகொடுக்கவில்லை.

தவறு எதிர்த்திசையிலும் நடக்கிறது. தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளிநாட்டு ஊழியர்களுக்கான உடல்நலப் பரிசோதனையில் நானும் நண்பனும் தொண்டு செய்தோம். ஓர் ஊழியர், “அடிக்கடி மயக்கமா வருது தம்பி” என்றார். நண்பன் அதை ‘ஃபெயின்ட்’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான். உடனே கேள்விகள் நெஞ்சுவலி, படபடப்பு என்று இதயத்தை நோக்கித் திரும்பின. அங்கிருந்த தமிழ் பேசும் தாதி ஒருவர் குறுக்கிட்டு, “நினைவு தப்புதா, இல்ல தலை கிறுகிறுன்னு சுத்துதா?” என்று கேட்டார். படுக்கையில் புரண்டு படுத்தால் அறையே சுற்றுகிறது என்றார் அவர். நினைவு ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

நம் பேச்சுத் தமிழில் ‘மயக்கம்’ இரண்டையும் குறிக்கும். மருத்துவருக்கோ அவை இரண்டும் வெவ்வேறு பாதைகள். நினைவு தப்பினால் இதயம், இரத்த ஓட்டம் பற்றி யோசிப்பார். அறை சுற்றினால் காதைப் பற்றியும் யோசிப்பார். உட்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழல்கள்தான் நம் தலையின் அசைவை மூளைக்குச் சொல்கின்றன. உட்காதின் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அந்தக் குழல்களுக்குள் போய்விட்டால், தலையைத் திருப்பும்போது உலகமே சுழலும். தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பி அவற்றை வெளியேற்றும் எளிய சிகிச்சையும் உண்டு. ‘கிறுகிறுப்பு’ என்ற ஒரு சொல் மருத்துவரைச் சரியான பாதைக்குத் திருப்பிவிடும்.

“தமிழ் மருத்துவச் சொற்கள் கடினம், தாத்தா பாட்டிக்கே அவை தெரியாது” என்று நண்பர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. பாட்டிக்கு ‘விழித்திரை’ தெரியாது. ஆனால் ‘ரெட்டினா’வும் தெரியாது. திரை என்றால் அவருக்குத் தெரியும். திரையில் படம் விழுவதும் தெரியும். அங்கிருந்து விளக்கத்தைத் தொடங்கலாம்.

நாம் பெரிதாக நினைக்கும் ஆங்கிலச் சொற்களும் பிறப்பில் எளியவைதான். நடுக்காதின் மூன்று சிறு எலும்புகளுக்கு மேலியஸ், இன்கஸ், ஸ்டேப்பிஸ் என்று பெயர். இலத்தீனில் இவை சுத்தியல், பட்டடை, குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் அங்கவடி. தமிழ்ப் பாடநூல்களும் சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு என்றே சொல்கின்றன. கண்ணின் நடுத்துளையான ‘பியூப்பில்’ என்பதற்கு இலத்தீனில் சிறு பொம்மை என்று பொருள். எதிரே நிற்பவரின் உருவம் அதில் பொம்மைபோலத் தெரிவதால் வந்த பெயர். தமிழில் அது பாவை. பாவை என்றாலும் பொம்மைதான். திருக்குறளின் 1123ஆம் குறளில், காதலிக்கு இடம் விட்டு வெளியே போகும்படி தலைவன் சொல்வது தன் கண்மணிக்குள் இருக்கும் இந்தப் பாவையிடம்தான்.

பாட்டியிடம் கேட்டுப் பார்த்தபோது அவரிடமே ஒரு சிறு அகராதி இருந்தது: மாலைக்கண், மாறுகண், கண்புரை, கண்கட்டி, காது இரைச்சல். வயதானால் கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியாமல் போவதைச் ‘சாளேஸ்வரம்’ என்றார். அந்தச் சொல்லை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மருத்துவத்தைத் தமிழில் சொல்வது புதிய முயற்சியும் அல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மாணவர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். 1860களில் அந்தக் கல்வியைத் தமிழிலேயே நடத்தத் தொடங்கினார். உடற்கூறு, அறுவை மருத்துவம் பற்றிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் 150 ஆண்டுகளுக்கு முன்பு செய்த வேலை அது.

அதற்காக ஆங்கிலச் சொற்களை ஒதுக்கச் சொல்லவில்லை. தமிழ்ச் சொல்லும் குழப்பும். தமிழ்நாட்டில் கண் தானச் செய்திகளில் ‘கருவிழி’ என்றால் கண்ணின் முன்புறம் இருக்கும் கார்னியா. வேறு சில நூல்களில் அதே சொல் நிறமுள்ள ஐரிஸைக் குறிக்கிறது. பேச்சிலோ கண்ணின் கருப்புப் பகுதி முழுவதும் கருவிழி. அதனால் சொல்லோடு சேர்த்து அந்த உறுப்பு என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டில் இருப்பது ஆங்கிலப் பெயர் என்பதால் அதையும் பெரியவர்கள் அறிந்திருப்பது நல்லது.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. 2007 முதல் 2009 வரை நடந்த சிங்கப்பூர் இந்தியர் கண் ஆய்வில் 40 வயதைக் கடந்த 3,400 பேர் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களில் நீரிழிவு உள்ளவர்களில் ஏறக்குறைய 10 பேரில் மூவருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் இன்றோ நாளையோ ஒரு கண் மருத்துவரின் முன் உட்காரப்போகிறார்கள். மருத்துவமனைகளில் தமிழ் பேசும் தாதியர் இருக்கிறார்கள். ஆனால் எல்லா அறையிலும் எல்லா நேரமும் அவர்கள் இருக்க முடியாது. பக்கத்து நாற்காலியில் இருக்கப்போவது நாம்தான்.

2020இல் கொவிட்-19 தங்கும் விடுதிகளில் பரவியபோது, அப்போதுதான் மருத்துவம் படித்து முடித்த சிங்கப்பூர் இளையர் ஒருவர், வங்காள மொழி பேசும் ஊழியர்களிடம் மருத்துவர்கள் பேச உதவும் இணையத்தளத்தைச் சில மணி நேரத்தில் உருவாக்கினார். நாம் அவ்வளவு செய்ய வேண்டியதில்லை. மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் பெரியவருக்கு இருக்கும் நோய்களின் பெயர்களை இரு மொழிகளிலும் கைப்பேசியில் குறித்துக்கொள்ளலாம். மருத்துவர் சொல்வது நமக்குப் புரியாவிட்டால் அவரிடமே ஒரு படம் வரைந்து காட்டச் சொல்லலாம். முக்கியமாக, “டாக்டர் என்ன சொன்னாரு, நீங்க சொல்லுங்க பார்ப்போம்” என்று பெரியவரிடமே திருப்பிக் கேட்கலாம். அன்று இதைக் கேட்டிருந்தால் மூன்று மாதம் வீணாகியிருக்காது.

நம் தமிழாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாய்மொழிப் பயிற்சியில் எப்போதாவது ஒருமுறை, பாட்டியின் மருந்துச் சீட்டை அவருக்கு விளக்கிச் சொல்லும்படி மாணவர்களிடம் கேளுங்கள்.

இப்போது இரவு ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டில் சொட்டு மருந்து நேரம். சென்ற வாரம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்ன மருந்து என்று விசாரித்தார். “இது வேற பிரஷர்மா. கண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி சரியா வடியல, அதுக்கு” என்றார் பாட்டி. நான் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.