ஜினீவாவில் ஒரு படக்காட்சி

மார்ச்சு மாதம் பிறந்தால் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஜினீவா நகரில் இரண்டு கூட்டங்கள் ஏக காலத்தில் நடைபெறுகின்றன. ஒன்று, ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தைச் சேர்ந்த மனித உரிமைக் கவுன்ஸில். அதில் 47 தேசங்கள் அங்கம் வகிக்கின்றன. மற்றொன்று, மனித உரிமைகளுக்கென்றே 2003-ம் வருஷம் ஆரம்பிக்கப்பட்ட சர்வதேசத் திரைப்பட விழா. இரண்டும் சேர்ந்து வருவது தற்செயலன்று. வேண்டுமென்றே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள்.

காரணம் ஊகிக்கக் கூடியதே. கவுன்ஸிலில் பேசுகிறவர்கள் ராஜதந்திரிகள். "கவலைக்குரிய நிலைமை" என்பார்கள். "சம்பந்தப்பட்ட தரப்பினர்" என்பார்கள். செத்தவனுடைய பெயர் அந்தப் பாஷையில் அகப்படாது. விழாவிலோ அவனுடைய முகமே திரையில் வந்து நிற்கிறது. படம் முடிந்ததும் ஜனங்களை வீட்டுக்கு அனுப்பி விடுவதுமில்லை. எடுத்தவரையும் விஷயமறிந்தவர்களையும் மேடையேற்றி விவாதம் நடத்துகிறார்கள். 'சுபம்' என்ற எழுத்துத் தெரியுமுன்பே எழுந்து ஓடிப் பழகிய நமக்கு இது சற்று விசித்திரமாய்த் தோன்றலாம்.

இதனாலெல்லாம் உலகத்தில் அக்கிரமம் குறைந்து விடுமா என்று நேயர்கள் கேட்கக்கூடும். நமக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. மெத்தை நாற்காலியில் சாய்ந்து பிறர் துயரத்துக்காகக் கண்ணீர் விடுவதும் ஒருவகைப் பொழுதுபோக்காய் முடிந்து விடலாமல்லவா? ஆனால் ஒரு படத்தைக் கண்டு சர்க்கார்கள் படும் பாட்டைப் பார்த்தால், நமது சந்தேகம் ஆட்டங் கொடுக்கிறது.

'நோ ஃபயர் ஸோன்' என்ற படத்தின் கதையைக் கேளுங்கள். காலம் மக்ரே என்பவர் எடுத்தது. 2009-ம் வருஷத்தில் இலங்கை யுத்தத்தின் கடைசி மாதங்களில், குண்டு விழாத இடமென்று அந்நாட்டுச் சர்க்கார் குறித்துக் கொடுத்த பகுதிகளில் தமிழ் ஜனங்கள் அடைந்த கதியைச் சொல்வது. பதுங்கு குழிகளில் கிடந்தவர்கள் எடுத்த காட்சிகளும், வெற்றிச் சின்னமாகச் சிப்பாய்களே தங்கள் கைபேசிகளில் பிடித்து வைத்துக் கொண்ட காட்சிகளும் அதில் உண்டு. 2013 மார்ச்சில், கவுன்ஸில் கூடியிருந்த அதே நாட்களில், ஜினீவாவில் ஐ. நா. மாளிகையிலேயே அதைத் திரையிட்டார்கள். இலங்கைத் தூதர் ஆட்சேபித்தார். படம் நடந்தேறியது.

அதே வருஷம் ஜூலையில் கோலாலம்பூரில் காட்டியபோது கதை வேறாயிற்று. மண்டபத்திற்கே அதிகாரிகள் வந்தார்கள். ஏற்பாடு செய்த பெண்மணியின் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். தணிக்கை முத்திரையில்லாத படத்தைக் காட்டியதுதான் அவர் செய்த குற்றம்! 2016-ல் கீழ்க் கோர்ட்டு விடுதலை செய்தது. அப்பீலில் அது ரத்தாயிற்று. கடைசியில் 2017-ல் பத்தாயிரம் ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். ஜினீவாவில் கைதட்டிவிட்டுக் காப்பி சாப்பிடப் போனவர்களைக் காட்டிலும் இந்த அம்மையாருக்கே நமது முதல் வணக்கம்.

மலேயா தேசத்தைக் குறை கூறி நிறுத்திக் கொள்ள நமக்கு முகமில்லை. 2014 பிப்ரவரியில் நமது தணிக்கைக் குழுவும் இதே படத்துக்கு அனுமதி மறுத்தது. அண்டை நாட்டுடன் உள்ள சிநேகம் கெடுமாம்! 1939-ல் வெளியான 'தியாக பூமி'யைப் பிற்பாடு வெள்ளைக்கார சர்க்கார் தடை செய்தபோது நம்மவர்கள் எவ்வளவு கொதித்தார்கள்! அந்தத் தடையில் ஓர் ஒழுங்காவது இருந்தது. அன்னிய சர்க்கார் தன் பயத்தைத் தானே காட்டிக் கொண்டது. சுதந்திர பாரதம் யாருடைய பயத்தைத் தன் தலையில் சுமந்தது என்பது நமக்கு விளங்கவில்லை.

மக்ரே சளைக்கவில்லை. இந்தியர்கள் காசின்றிப் பார்க்கும்படி படத்தை இணையத்தில் விட்டு விட்டார்.

மறு மாதம், ஜினீவாவில், இலங்கை யுத்தம் பற்றிச் சர்வதேச விசாரணை கோரும் தீர்மானம் கவுன்ஸிலில் ஓட்டுக்கு வந்தது. ஆதரவாக 23, எதிராக 12. எந்தப் பக்கமும் கை தூக்காமல் இருந்த தேசங்கள் 12. அந்தப் பன்னிரண்டில் நம் தேசமும் ஒன்று.