பஸ் கம்பியும் பிஞ்சுக் கையும்

எங்கள் அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் ஏறும் தாய்மார்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, தோளில் பை. அமாவாசை வந்துவிட்டாலோ, மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்கப் போகிற கூட்டம் வேறு. ஒரு கம்பியை எத்தனை கைகள் பிடிக்கின்றன! அதே கையால்தான் குழந்தைக்கு முறுக்கு ஒடித்துக் கொடுக்கிறோம்.

"அக்கா, ராவெல்லாம் பின்னாடி அரிக்குதுன்னு அழுவுறான். வெல்லம் நெறைய தின்னுட்டான் போல" என்றாள் எதிர்வீட்டுப் பெண். வெல்லத்தின் மேல் பழி போடாதீர்கள். இனிப்பினால் பூச்சி உண்டாவதில்லை. முட்டை வாய் வழியே உள்ளே போனால்தான் கீரிப்பூச்சி வரும்.

பெண் புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதுதான் அரிப்பு. குழந்தை சொறியும்போது முட்டைகள் நகக்கண்ணில் ஏறிக்கொள்ளும். சில மணி நேரத்திலேயே அவை பிறருக்குத் தொற்றும் பக்குவம் அடைந்துவிடும். பாய், பொம்மை, கதவுப் பிடி, பஸ் கம்பி என்று கை போகும் இடமெல்லாம் அவையும் போகும். வெயிலில் சீக்கிரம் சாகும். ஈரமும் நிழலும் கிடைத்தால் 2 வாரம்கூடத் தாங்கும்.

அதற்காக பஸ்ஸைக் கண்டு மிரள வேண்டாம். இந்தப் பூச்சி அதிகம் பரவுவது வீட்டிலும் பள்ளியிலும்தான். கம்பியைப் பிடிக்காமல் நின்றால் விழுந்து மண்டை உடையும்! தாராளமாகப் பிடியுங்கள். அந்தக் கை கழுவாமல் வாய்க்குப் போகக் கூடாது, அவ்வளவே.

கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் இருக்கிறதே என்பீர்கள். அது கிருமிகளைக் கொல்லும். புழு முட்டையிடம் அதன் ஜம்பம் பலிக்காது. சோப்பும் முட்டையைக் கொல்வதில்லை. ஆனால் 20 விநாடி நன்றாகத் தேய்த்து ஓடும் நீரில் கழுவினால் முட்டை கையை விட்டுப் போய்விடும். பயணப் பையில் ஒரு சின்ன டப்பாவில் சோப்புத் துண்டும், ஒரு பாட்டில் தண்ணீரும் இருக்கட்டும். பஸ்ஸை விட்டு இறங்கி, கை கழுவிய பிறகே தின்பண்டம்.

குழந்தைக்கு அரிப்பு இருந்தால் காலையில் எழுந்ததும் குளிப்பாட்டி உள்ளாடையை மாற்றுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். போர்வையை அறைக்குள் உதறாதீர்கள், முட்டை பறக்கும். வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துங்கள்.

மருந்து டாக்டர் சொன்னபடிதான். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட வேண்டும். மருந்து முட்டையை அழிக்காது. ஆகையால் 2 வாரம் கழித்து இன்னொரு முறை தேவைப்படும். கர்ப்பிணிகள் தாமாக விழுங்கவே கூடாது. 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் 1 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசமாக அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். "நம்ம பிள்ளைக்கு எதுக்கு?" என்று அன்றைக்கு லீவு போட வைக்காதீர்கள்.

பூச்சி வந்தது என்று குழந்தையை ஏசாதீர்கள். வெட்கப்பட்டு அரிப்பை மறைத்துவிடும். மறைத்தால் வீடு முழுக்கப் பரவும்.